பிள்ளைக்குக் கதை, பெரியவருக்குக் கேள்வி: முற்போக்குச் சபைகளில் விசுவாசக் கல்வி

முற்போக்குக் கிறிஸ்தவம் என்று இன்று அறியப்படும் போக்கு சில முடிவுகளில் உறுதியாக நிற்கிறது. வேதாகமம் மனிதர்கள் தங்கள் காலத்திலிருந்தும் தங்கள் துயரத்திலிருந்தும் கடவுளைத் தேடி எழுதிய நூல். வரலாற்று அறிவோடு அதை வாசிக்க வேண்டும். அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் பகை இல்லை. பெண்களுக்கும் பால்புதுமையினருக்கும் திருப்பணியில் சம இடம் உண்டு. பிற சமயத்தாரை நரகத்துக்கு ஒதுக்கி வைப்பது நற்செய்தி ஆகாது. ஏழைக்கு நீதி கேட்பது ஆராதனையின் ஒரு பகுதி.

இந்த முடிவுகளுக்கு வந்தவர்களில் பலர், சிறுவயதில் கற்ற விசுவாசத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் கூடி ஒரு சபையாகும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாடுபட்டுப் பெற்ற இந்த விசுவாசத்தை, அந்தப் பாட்டையே அறியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? பெற்றோர் எதை மறுத்தார்கள் என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை எதைப் பற்றிக்கொள்ளும்? ஐம்பது வயதிலும் பத்து வயதுப் பாடத்தையே வைத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு யார் கற்பிப்பது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சீர்திருத்தச் சபைகள் இந்தக் கேள்வியோடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றன. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட், கனடா ஐக்கிய திருச்சபை, பிரெஸ்பிட்டேரியன், எபிஸ்கோப்பல் சபைகள் இதில் செய்து பார்த்த சோதனைகள் பல. தோற்றவையும் உண்டு, பலன் தந்தவையும் உண்டு. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இந்தச் சபைகள் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்டதால் தளரவில்லை. பிள்ளைகளுக்குக் கதை, பெரியவர்களுக்குக் கேள்வி என்று இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் தளர்ந்தன.

புஷ்னெல் தொடங்கிய வழக்கு

ஞாயிறு பள்ளி முதலில் சபையின் பிள்ளைகளுக்காகத் தோன்றியதன்று. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரைக்ஸ், வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் எழுத்தறிவு கொடுக்க முனைந்தார். அந்த இயக்கம் கடல் கடந்தது; 1824இல் பிலடெல்பியாவில் அமெரிக்க ஞாயிறு பள்ளி ஒன்றியம் உருவானது. அங்கே அது எழுப்புதல் இயக்கத்தோடு கைகோத்தது. பிள்ளை பாவத்தில் பிறக்கிறது, ஒருநாள் மனந்திரும்பும் அனுபவம் அதற்கு வர வேண்டும், அந்த நாளுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவதே கல்வி என்பது அன்றைய பொதுக் கருத்து.

இதை எதிர்த்து எழுந்த முதல் வலுவான குரல் ஹாரஸ் புஷ்னெலுடையது. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் ஒரு காங்கிரிகேஷனல் சபையின் போதகரான அவர், 1847இல் கிறிஸ்தவ வளர்ப்பைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக்கினார். கிறிஸ்தவனாக இல்லாத ஒரு காலம் தனக்கு இருந்ததென்று பிள்ளைக்கு நினைவே இல்லாதபடி, விசுவாசத்துக்குள்ளேயே அது வளர வேண்டும் என்பது அவர் வாதம். வீட்டின் அன்றாடப் பேச்சும் பொறுமையும் தாய் தந்தையின் நடத்தையும் எந்த வகுப்புக்கும் முன்பே பிள்ளையை உருவாக்கிவிடுகின்றன என்றார். எதிர்ப்பு கிளம்பியது, நூலை வெளியிட்ட மாசச்சூசெட்ஸ் ஓய்வுநாள் பாடசாலைச் சங்கமே அதைத் திரும்பப் பெற்றது. புஷ்னெல் பின்வாங்கவில்லை. 1861இல் விரிவாக்கி மீண்டும் வெளியிட்டார்.

முற்போக்குச் சபைகளின் கல்விச் சிந்தனை எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது. பிள்ளை ஒரு முழு மனிதர், கடவுளோடு அதற்கு இப்போதே உறவு உண்டு என்பது புஷ்னெல் விட்டுச் சென்ற நம்பிக்கை. ஆனால் அவர் வீட்டின் மேல் வைத்த பாரத்தைப் பின்வந்த தலைமுறைகள் வகுப்பறைக்கு மாற்றிவிட்டன.

அனுபவமா, மரபா?

1872இல் அமெரிக்க ஞாயிறு பள்ளி மாநாடு, எல்லாச் சபைகளும் எல்லா வயதினரும் ஒரே ஞாயிற்றில் ஒரே வேதபகுதியைப் படிக்கும் பொதுப் பாடத்திட்டத்தை ஏற்றது. ஒற்றுமைக்கு அது உதவியது. ஆனால் ஆறு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே வேதபகுதி பொருந்துமா என்ற கேள்வியைக் கல்வியாளர்கள் எழுப்பினார்கள். 1903இல் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் முயற்சியில் சமயக் கல்விச் சங்கம் பிறந்தது. அதன் தொடக்க மாநாட்டில் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி பேசினார். பிள்ளையின் வளர்ச்சியை அறிந்து கற்பிப்பது என்ற புதிய கல்வியியல் இவ்வாறு சபைக்குள் நுழைந்தது.

நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜார்ஜ் ஆல்பர்ட் கோ 1917இல் வெளியிட்ட நூலில், சமயக் கல்வியின் நோக்கம் நீதியான சமுதாயத்தைக் கட்டுவதே என்றார். அவருடைய மாணவர் வட்டத்திலிருந்து வந்த சோஃபியா ஃபாஸ் இன்னும் தூரம் சென்றார். சீனாவில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த ஃபாஸ், நியூயார்க்கின் ரிவர்சைடு சபையின் ஞாயிறு பள்ளியில் பணியாற்றினார். 1937 முதல் யூனிட்டேரியன் சபைகளின் பாடநூல்களுக்கு ஆசிரியரானார். பிறப்பு, சாவு, கனவு, பயம் என்று பிள்ளை தானே நேரில் சந்திப்பவற்றிலிருந்து தொடங்க வேண்டும், பல மக்களின் படைப்புக் கதைகளைப் பக்கம்பக்கமாக வைக்க வேண்டும், ஒரே மீட்புக் கதையை முதலிலேயே திணிக்கக் கூடாது என்பது அவர் முறை. 1959இல், 82ஆம் வயதில், அவர் குருத்துவ அருட்பொழிவு பெற்றார்.

இந்த வழியை மறுத்தவர்களும் இருந்தார்கள். 1941இல் சமயக் கல்வி அறிஞர் ஷெல்டன் ஸ்மித், தாராளவாதக் கல்வி மனிதனின் இயல்பான நன்மையை மிகையாக நம்புகிறது, பாவத்தின் ஆழத்தைக் காண மறுக்கிறது, வெளிப்பாட்டுக்கு இடம் கொடாமல் விசுவாசத்தை நற்குணப் பயிற்சியாகச் சுருக்குகிறது என்று குற்றம் சாட்டினார். உலகப்போரின் நடுவே எழுதப்பட்ட அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. அனுபவத்திலிருந்து தொடங்கு என்ற கோட்பாடு பிள்ளையின் மாண்பைக் காத்தது உண்மை. ஆனால் அனுபவத்தை விளக்க ஒரு மொழி வேண்டும். யாத்திரை, சிறையிருப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல் போன்ற சொற்களும் கதைகளும் இல்லாத பிள்ளைக்குத் தன் துயரத்தைச் சொல்லவே வாய்ப்பு குறைகிறது. மரபும் அனுபவமும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொள்ளும் இடமே நல்ல வகுப்பு.

கனடா கற்பித்த பாடம்

1925இல் மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பெரும்பகுதி பிரெஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து உருவான கனடா ஐக்கிய திருச்சபை, 1950களில் தன் பாடத்திட்டம் முழுவதையும் புதிதாக எழுதத் தொடங்கியது. ‘புதிய பாடத்திட்டம்’ என்றே பெயர் பெற்ற அது ஞாயிறு பள்ளிகளுக்கு வந்தது 1964இல். அதன் அமைப்பு இன்றும் படிக்கத் தக்கது. ஓராண்டுக்கு ஒரு பொருள். குழந்தை முதல் பெரியவர் வரை அதே பொருளை அவரவர் நிலையில் படிப்பார்கள். வீட்டில் வைத்து வாசிக்கக் கெட்டி அட்டை நூல்கள். பிள்ளைகளின் நூல்களுக்கு முன்பாகவே, 1962இல், டொனால்ட் மாதர்ஸ் எழுதிய பெரியவர்களுக்கான இறையியல் நூல் சபைகளின் கைக்கு வந்துவிட்டது.

1964 கோடையில் புயல் எழுந்தது. ஆதியாகமத்தின் தொடக்கக் கதைகளை வரலாற்றுச் செய்தியாக எடுக்க வேண்டியதில்லை என்றும், வேதநூல்கள் பல கைகள் பட்டு உருவானவை என்றும் சபையின் பாடநூலே சொல்வதைப் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கின. சேர்ந்து பயன்படுத்த முன்வந்திருந்த பாப்டிஸ்டுகள் விலகினார்கள். சபையாரில் பலர் அதிர்ந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஞாயிறு பள்ளிச் சேர்க்கை வேகமாகச் சரிந்தது. பிறப்பு விகிதம் குறைந்ததும், ஞாயிற்றுக்கிழமையின் சமூகப் பொருள் மாறியதும், எல்லாப் பெரிய சபைகளும் அதே காலத்தில் சரிந்ததும் சேர்ந்து நடந்தவை. பாடத்திட்டத்தின் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயம் ஆகாது.

நாம் கவனிக்க வேண்டியது அந்த அதிர்ச்சியை. வேதத்தின் வரலாற்று விமர்சனம் அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இறையியல் கல்லூரிகளில் அது பல பத்தாண்டுகளாகப் பாடமாக இருந்தது. போதகர்கள் அதைக் கற்றுத்தான் பீடம் ஏறினார்கள். ஆனால் சபையின் பேச்சும் ஞாயிறு பள்ளியின் பாடமும் பழைய வழியிலேயே நடந்தன. வரலாற்றாசிரியர் கெவின் ஃப்ளாட் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தலைமையின் இறையியலுக்கும் சபையின் நடைமுறைக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய இந்த இடைவெளியை விரிவாகக் காட்டுகிறது. பீடத்துக்குத் தெரிந்தது பெஞ்சுக்குச் சொல்லப்படவில்லை. சொன்ன நாளில், இவ்வளவு காலம் ஏன் மறைத்தீர்கள் என்ற காயமே முதலில் எழுந்தது. முற்போக்குச் சபை ஒவ்வொன்றும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது. போதகர் நம்புவதும் ஞாயிறு பள்ளி ஆசிரியர் சொல்வதும் ஒன்றுதானா?

பிள்ளையின் மனம் எப்படி வளர்கிறது?

கனடாவில் புயல் வீசிய அதே 1964இல் இங்கிலாந்தில் கல்வியாளர் ரொனால்ட் கோல்ட்மன் ஓர் ஆய்வை வெளியிட்டார். உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிக் கோட்பாட்டைக் கொண்டு, எரியும் முட்செடி, செங்கடல் கடத்தல், இயேசுவின் சோதனை ஆகிய மூன்று கதைகளைப் பற்றி 200 பிள்ளைகளிடம் உரையாடினார். பதின்பருவத்தை நெருங்கும்வரை பிள்ளைகள் உருவகத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறார்கள். வயதுக்கு மீறிய வேதபாடம் தவறான படிமங்களை உறைய வைத்துவிடுகிறது. பின்னாளில் பிள்ளை அந்தப் படிமத்தோடு விசுவாசத்தையும் சேர்த்து எறிந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. 1981இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஃபவுலர், 359 பேரோடு நடத்திய நேர்காணல்களை வைத்து விசுவாச வளர்ச்சியின் படிநிலைகளை வகுத்தார். கற்பனையும் அச்சமும் கலந்த மழலை நிலை, கதையை அப்படியே நம்பும் பள்ளிப்பருவம், சூழ்ந்திருப்போரின் நம்பிக்கையைத் தனதாக்கும் பதின்பருவம், தானே சோதித்துத் தெரிந்துகொள்ளும் இளமை, முரண்களை ஒன்றாகத் தாங்கும் நடுவயது என அது விரியும். இந்தப் படிகள் மேலைநாட்டு ஆண்களின் அறிவுப் பாதையை எல்லோருக்கும் பொது என்று கொள்கின்றன என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் பெரியவர்கள் பலர் படிகளின் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்ற அவருடைய கவனிப்பு, வயதுவந்தோர் கல்விக்கு வலுவான நியாயம் தந்தது.

கோல்ட்மனும் ஃபவுலரும் பிள்ளைக்கு எது இன்னும் வரவில்லை என்று அளந்தார்கள். பிள்ளையிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் சோஃபியா கவலெட்டி. எபிரேயம் கற்ற வேத அறிஞரான இவர், 1954இல் ரோமில் மொண்டிசோரி ஆசிரியை ஜியன்னா கோப்பியோடு சேர்ந்து சிறு பிள்ளைகளுக்கு ஒரு தனி அறையை ஆயத்தம் செய்தார். நல்ல மேய்ப்பனின் உவமையைச் சிறு மரப்பொம்மைகளைக் கொண்டு சொல்லிவிட்டு, பிள்ளையைத் தனியே தியானிக்க விட்டார். அதே மொண்டிசோரி வழியில் பயின்ற எபிஸ்கோப்பல் குரு ஜெரோம் பெரிமன், 1991இல் ‘காட்லி ப்ளே’ என்ற நூலில் தம் முறையை விளக்கினார். மணல் நிரம்பிய பெட்டியே பாலைவனம்; அதன் மேல் ஆபிரகாமும் சாராளும் மெல்ல நடக்கிறார்கள். கதை முடிந்ததும் ஆசிரியர் விடை கேட்பதில்லை. எந்தப் பகுதி பிடித்தது, எது முக்கியம், இந்தக் கதையில் நீ எங்கே இருக்கிறாய் என்று வியப்போடு விசாரிக்கிறார். எந்த விடையும் தவறென்று ஒதுக்கப்படுவதில்லை. பின் பிள்ளைகள் வரைகிறார்கள், மண்ணால் செய்கிறார்கள், சிலர் சும்மா அமர்ந்திருக்கிறார்கள்.

முற்போக்குச் சபைகள் இந்த முறையை விரும்பி ஏற்றதற்குக் காரணம் உண்டு. கதை முழுமையாகக் கொடுக்கப்படுகிறது. அதன் பொருள் திணிக்கப்படுவதில்லை. பத்தாண்டு கழித்துத் திரும்பப் பெற வேண்டிய எதையும் ஆசிரியர் சொல்லவில்லை. ஃபாஸ், ஸ்மித் இருவரின் கவலைக்கும் இங்கே பதில் கிடைக்கிறது.

கடினமான கதைகளின் முன்

பாடத்திட்டம் எதுவானாலும் சோதனை வருவது குறிப்பிட்ட கதைகளில்தான். நோவாவின் பேழை பிள்ளைகளின் அறைச் சுவர்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியுமாக அழகாக இருக்கிறது. பேழைக்கு வெளியே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு மழுப்பல் பதில் கொடுக்கும் ஆசிரியர் இரண்டு தவறுகளைச் செய்கிறார். பிள்ளையின் அறநெறி உணர்வை அடக்குகிறார், கதையையும் சிறுமைப்படுத்துகிறார். பழங்கால மக்கள் பெரும் வெள்ளத்தைக் கண்டு கடவுளைப் பற்றி இப்படி எண்ணினார்கள், கதையின் முடிவில் கடவுள் இனி அழிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார், உனக்கு என்ன தோன்றுகிறது என்று பேசினால் பிள்ளைக்கு அது எட்டும். ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமின் கதையைப் பல முற்போக்கு ஆசிரியர்கள் சிறு பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பதின்பருவத்தில் விவாதத்துக்கு வைக்கிறார்கள். அது ஒளிப்பது அன்று, காலம் அறிந்து கொடுப்பது.

ஆதியாகமத்தில் படைப்பு வரலாறு இரண்டு உண்டு, இரண்டின் வரிசையும் வேறு. மத்தேயு சாஸ்திரிகளைச் சொல்கிறார், லூக்கா மேய்ப்பர்களைச் சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், வேதநூலை எப்படி வாசிப்பது என்ற முதல் பாடத்தை அது தானே கண்டுபிடிக்கும். பரிசுத்த வார நாடகத்தில் யூதர்கள்தான் இயேசுவைக் கொன்றார்கள் என்ற பழைய பழி பிள்ளைகளின் வாயில் ஏறாதபடி, சிலுவை ரோம அரசின் தண்டனை என்பதைத் தெளிவாகக் கற்பிப்பதும் நேர்மையின் பகுதி. எலிசபெத் கால்ட்வெல், கரோல் வேர்ஹைம் இருவரும் தொகுத்து 2018இல் வெளிவந்த சிறுவர் வேதக் கதைநூல், கதைகளோடு கேள்விகளையும் சேர்த்தே கொடுக்கிறது; பெண்களின் கதைகளுக்கு அதில் நல்ல இடம் உண்டு.

பதின்பருவத்தில் திடப்படுத்தல்

சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் திடப்படுத்தல் இந்தச் சபைகளில் பெரும்பாலும் 13 முதல் 15 வயதில் நடக்கிறது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் விசுவாச அறிக்கைகளை நம்பிக்கையின் சாட்சியங்களாக மதிக்கிறது. தகுதித் தேர்வாக வைப்பதில்லை. ஆகவே பல சபைகளில் இளையோர் தங்கள் விசுவாச அறிக்கையைத் தாங்களே எழுதிச் சபைமுன் வாசிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சபையின் ஒரு பெரியவர் வழித்துணை. கடவுள் உண்டா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை என்று எழுதும் இளையவரையும் சபை அன்போடு கேட்கிறது. இந்த நேர்மை அரிய செல்வம். ஆனால் பல ஊர்களில் திடப்படுத்தல் ஞாயிறு, அந்தப் பிள்ளை சபைக்கு வரும் கடைசி ஞாயிறுகளில் ஒன்றாகிவிடுகிறது என்பதும் உண்மை. வகுப்பு முடிந்தது, இனி படிக்க ஏதுமில்லை என்ற எண்ணத்தைச் சபையே ஊட்டிவிடுகிறது.

இந்தப் பருவத்துக்கு முற்போக்குச் சபைகள் தந்த பெருங்கொடை ‘அவர் ஹோல் லைவ்ஸ்’ என்ற பாலியல் கல்வித்திட்டம். யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்டும் யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சங்கமும் சேர்ந்து உருவாக்கியது. பாலர் வகுப்பு முதல் முதியோர் வரை வயதுக்கு ஏற்ற தனித்தனி நூல்கள் உண்டு. பயிற்சி பெற்ற இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். பிள்ளைகளின் வகுப்பு தொடங்குமுன் பெற்றோர் கூடிப் பாடங்களைப் பார்வையிட்டுச் சம்மதம் தருகிறார்கள். உடல், சம்மதம், மரியாதை, பொறுப்பு, பால் அடையாளம் ஆகியவற்றை ஆலயத்தின் கூரையின் கீழே வெட்கமின்றிப் பேச முடிகிறது. பிள்ளை வாழ்வில் மிகவும் தவிக்கும் இடத்தில் சபை பக்கத்தில் நிற்கிறது. விசுவாசக் கல்வி இதைவிட நேராக வாழ்வைத் தொடுவது அரிது.

பெரியவர்கள் படிக்கும் சபை

1994 முற்போக்குக் கிறிஸ்தவத்துக்கு முக்கியமான ஆண்டு. எபிஸ்கோப்பல் குரு ஜேம்ஸ் ஆடம்ஸ் முற்போக்குக் கிறிஸ்தவ மையத்தைத் தொடங்கினார். வேத அறிஞர் மார்கஸ் போர்க் இயேசுவைப் புதிதாகச் சந்திப்பது பற்றிய தம் நூலை வெளியிட்டார். சபைகளின் படிப்பு வட்டங்களில் போர்க்கின் நூல்கள் பரவியதற்கு ஒரு காரணம் அவர் விளக்கிய மூன்று நிலைகள். சிறுவயதில் எல்லாம் நடந்தது என்று நம்புகிறோம். வளர்ந்தபின் எது நடந்தது என்று ஆராய்கிறோம். அதற்கும் அப்பால், நடந்ததோ இல்லையோ இந்தக் கதை உண்மை சொல்கிறது என்று மீண்டும் கேட்கப் பழகுகிறோம். பல பெரியவர்கள் இரண்டாம் நிலையில் தனியே நிற்கிறார்கள். மூன்றாம் நிலைக்குத் துணை வேண்டும், அந்தத் துணையே சபை.

ஒழுங்கான படிப்புக்கு நல்ல மாதிரிகள் உண்டு. டென்னஸியில் உள்ள சிவானி பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளி 1975 முதல் நடத்தும் ‘ஊழியத்துக்கான கல்வி’, சாதாரண சபையாருக்கு நான்காண்டுப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, இறையியல் என்று வாராவாரம் சிறு குழுக்களாகக் கூடிப் படிக்கிறார்கள். தம் வேலையிலும் வீட்டிலும் நேர்ந்ததை அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வாஷிங்டனில் கார்டன் காஸ்பி 1940களில் தொடங்கிய ‘சர்ச் ஆஃப் த சேவியர்’ சபையில், உறுப்பினராகுமுன் வகுப்புகள் முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு சேவைக் குழுவில் சேர வேண்டியிருந்தது. உறுப்பினர் உறுதிமொழியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தாராள மனமும் கடும் ஒழுக்கமும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அந்தச் சிறிய சபை சான்று.

செயலில் இறங்கும்போது கல்வி ஆழப்படுகிறது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே நாடு கடத்தப்பட்டு 1970களில் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தில் பணியாற்றினார். ஒடுக்கப்பட்டோர் தம் நிலையைத் தாமே வாசிக்கக் கற்பதே கல்வி என்ற அவர் சிந்தனை சபைக் கல்வியாளர்களை அசைத்தது. 1980இல் தாமஸ் குரூம் என்ற கத்தோலிக்க அறிஞர் அதை முறைப்படுத்தினார்: இன்று நாம் செய்வதைச் சொல், ஏன் என்று ஆராய், மரபின் கதையைக் கேள், இரண்டையும் உரசிப் பார், முடிவெடு. 1982 மார்ச் 24 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் சபையும் போதகர் ஜான் ஃபைஃபும் எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்கு ஆலயத்தில் அடைக்கலம் அறிவித்தார்கள். சட்டத்தை மீறும் அந்த முடிவின்முன் அந்நியனைப் பற்றிய மோசேயின் கட்டளை பெரியவர்களுக்கு உயிருள்ள பாடமாயிற்று. 1985இல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்டின் பொது மாமன்றம், பால்புதுமையினரை முழுமனதோடு ஏற்பதாக அறிவிக்கச் சபைகளை அழைத்தது. வாக்கெடுப்புக்குமுன் பல சபைகள் மாதக்கணக்கில் வேதவாக்கியங்களைப் படித்தன, பால்புதுமையினரின் சாட்சியைக் கேட்டன, தங்களுக்குள் மனம்விட்டுப் பேசின. ஒரு சபை தன் வாழ்நாளில் பெறும் மிகச் சிறந்த வயதுவந்தோர் கல்வி பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு முடிவின் வாசலில்தான் நடக்கிறது.

ஆய்வுகளின் சாட்சியம்

மனசாட்சியோடு சில ஆய்வுகளையும் எதிர்கொள்ள வேண்டும். 1994இல் டீன் ஹோக், பென்டன் ஜான்சன், டொனால்ட் லூடன்ஸ் மூவரும், பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் திடப்படுத்தல் பெற்று வளர்ந்த 500 பேரை ஆராய்ந்தார்கள். சபையை விட்டவர்களில் பெரும்பாலோர் கோபத்தோடு போகவில்லை. நல்லவனாக இருந்தால் போதும், எல்லா வழியும் சரி என்ற பொதுப்படையான நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. சபைக்கு வர ஒரு காரணம் இல்லை. 2005இல் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் வெளியிட்ட பதின்பருவத்தினர் ஆய்வும் இதையே கண்டது: கடவுள் நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்கிறார், துன்பத்தில் உதவுகிறார், மற்றபடி தொலைவில் இருக்கிறார் என்ற மங்கலான சமயமே பல இளையோரின் சமயம். பிள்ளைகளின் விசுவாசத்தில் பெற்றோரின் செல்வாக்குக்கு ஈடு வேறில்லை என்றும் அது காட்டியது. பல பத்தாண்டுகளாக 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்த வெர்ன் பெங்ட்ஸனின் ஆய்வு 2013இல் நூலானது. பெற்றோரின் சமயப் பற்று மட்டும் போதாது, குறிப்பாகத் தகப்பனோடு பிள்ளைக்கு இருக்கும் நெருக்கமே விசுவாசத்தைக் கடத்துகிறது என்றது. ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கில் அமெரிக்க வயதுவந்தோரில் மையநீரோட்ட சீர்திருத்தச் சபையாரின் பங்கு 2007இல் 18.1 விழுக்காடு, 2014இல் 14.7.

சமயக் கல்வியாளர் ஜான் வெஸ்டர்ஹாஃப் 1976லேயே நோயின் மூலத்தைக் காட்டினார். பள்ளிக்கூடத்தின் மாதிரியைச் சபைக்குள் கொண்டுவந்து, பாடத்திட்டமும் வகுப்பும் விசுவாசத்தைக் கொடுத்துவிடும் என்று நம்பியதே தவறு. கூடி ஆராதித்து, கூடி உழைத்து, கூடி அழும் சபையில்தான் பிள்ளை விசுவாசி ஆகிறது என்றார். அவர் சொன்னதற்கு எதிர்த்திசையில் பல சபைகள் போயின. ஆராதனையும் ஞாயிறு பள்ளியும் ஒரே மணிநேரத்தில் நடக்கின்றன. பிள்ளை ஆராதனையைக் காண்பதில்லை. கற்பிப்பவர் அருளுரை கேட்பதில்லை. மற்றப் பெரியவர்கள் படிப்பதே இல்லை. காலத்தைச் சேமிக்கச் செய்த ஏற்பாடு மூன்று தரப்பையும் பட்டினி போட்டது.

விசுவாசத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்நியமானதும் அன்று. புஷ்னெல் சார்ந்திருந்த காங்கிரிகேஷனல் மரபுதான் அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கத்தின் வழியாக 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் வந்தது. தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. அந்த மரபு அமெரிக்காவில் பெற்ற அனுபவம் நமக்கும் பாடமாகும். வசன ஒப்புவித்தலும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நம் பிள்ளைகளுக்குச் சொற்செல்வத்தைக் கொடுத்திருக்கின்றன, அது விலைமதிப்பற்றது. அந்தச் சொற்களைக் கொண்டு சாதியைப் பற்றியும் வரதட்சணையைப் பற்றியும் பக்கத்து வீட்டு இந்து, இஸ்லாமிய நண்பரைப் பற்றியும் கேள்வி கேட்க அவர்களுக்கு இடம் கொடுத்தோமா என்பது நாம் பதில் சொல்ல வேண்டியது.

முடிவாக

இத்தனை சோதனைகளிலிருந்தும் நான்கு முடிவுகளை உறுதியாகச் சொல்லலாம். பின்னாளில் திரும்பப் பெற வேண்டிய எதையும் பிள்ளைக்குக் கற்பிக்கக் கூடாது. எளிமையாகச் சொல்லலாம், பொய்யாகச் சொல்லக் கூடாது. பெரியவர்கள் படிக்காத சபையில் பிள்ளைகளின் கல்வி நிலைக்காது. பெற்றோருக்கு வகுப்பு, பிறகே பிள்ளைகளுக்கு. கதையும் செபமும் பாட்டும் பண்டிகையும் நிறைவாகக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்கே கேள்வி கேட்கும் சுதந்திரம் பொருளுள்ளது. ஒன்றும் கொடுக்காமல் பெரியவனானதும் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்பது சுதந்திரம் ஆகாது. எல்லா வயதினரும் ஒன்றாக ஆராதித்து, ஒன்றாக ஒரு நற்பணியில் இறங்காத சபைக்கு எந்தப் பாடத்திட்டமும் உதவாது.

பஸ்கா இரவைப் பற்றிய கட்டளையிலேயே, இந்த ஆராதனையின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்றும், அவர்களுக்குப் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்றும் யாத்திராகமம் எதிர்பார்க்கிறது. பன்னிரண்டு வயது இயேசுவை லூக்கா தேவாலயத்தில் காட்டும்போது, அவர் போதகர்களின் நடுவே அமர்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருக்கிறார். ஆகவே ஞாயிறு பள்ளி நடத்தும் ஒவ்வொரு சபையும் இந்த ஆண்டே ஒன்றைச் செய்யட்டும்: பிள்ளைகள் படிக்கும் அதே கதையைப் பெற்றோரும் போதகரும் சேர்ந்து படிக்க வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கட்டும், அங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குத் தாங்கள் உண்மையாக நம்புவதையே பதிலாகச் சொல்லட்டும்.